உங்கள் தபாற்பெட்டிக்கு நீங்களே தபாலதிபர்

(டப்ளினில் நடைபெற்ற எமது சங்கத்தின் மூத்தோர் ஒன்றுகூடலில் நிகழ்த்தப்பட்ட உரை. அன்றைக்கு வர முடியாமற் போனவர்கள் கேட்டுக்கொண்டதற்கு இணங்க, இம்மலருக்காக எழுத்தில் தரப்படுகிறது.)

 

"அண்ணை, போனிலை ஈமெயில் பாக்கிறதைப் பற்றி ஒரு அரை மணித்தியாலம் சொல்லுங்கோவன்" என்று எங்கள் செயலாளர் தம்பி கேட்டபோது எனக்குச் சிரிப்பு வந்தது. நான் கொம்பியூட்டர் படித்தவன் அல்ல. ஊரிலே சில காலம் தபாற் கந்தோரில் வேலை செய்தவன். "தம்பி, எனக்குத் தெரிஞ்சது முத்திரை குத்துறதும் கடிதம் பிரிக்கிறதும்தான்" என்றேன். "அதுக்குத்தான் அண்ணை உங்களைக் கேக்கிறன்" என்றார். வீட்டுக்குப் போய் யோசித்துப் பார்த்தேன். தம்பி சொன்னது சரிதான். ஈமெயில் என்பதும் தபாற் கந்தோர் வேலைதான். ஆனால் முந்தி அந்த வேலையைச் செய்யத் தபாலதிபர் ஒருவர் இருந்தார். இப்போது அந்த வேலை எங்கள் ஒவ்வொருவரின் தலையிலும் விழுந்திருக்கிறது. அதை நாங்கள் இன்னும் பொறுப்பேற்கவில்லை. நான் சொல்லவந்த விஷயம் இவ்வளவுதான்.

உங்களில் கனபேருக்கு நினைவிருக்கும். 1990ஆம் ஆண்டு ஆனியில் சண்டை திரும்பத் தொடங்கிய பிறகு குடாநாட்டில் மின்சாரம் இல்லை, தொலைபேசி இல்லை. ஆனையிறவுப் பாதை பூட்டு. சனம் கிளாலிக் கடலால் இரவிலே வள்ளத்தில் போய் வந்தது. வெளிநாட்டிலிருந்து மகன் எழுதிய கடிதம் கொழும்புக்கு வந்து, அங்கே ஒரு லொட்ஜில் தங்கியிருந்த சொந்தக்காரர் கையில் ஏறி, வவுனியா தாண்டி, கிளாலியால் வந்து வீட்டுக்குச் சேர ஒரு மாதமோ இரண்டு மாதமோ, யாருக்குத் தெரியும்? வந்த கடிதத்தை ஒருவர் வாசிக்க வீடே சுற்றியிருந்து கேட்கும். பிறகு அது சுவாமிப் படத்துக்குப் பின்னால் பத்திரமாக இருக்கும். 1995 ஒக்ரோபர் 30ஆம் திகதி வலிகாமத்தை விட்டு வெளிக்கிட்டபோது எத்தனை வீட்டில் அந்தக் கடிதங்களையும் விட்டுவிட்டு வந்தோம்!

அப்போது கடிதம் வரவில்லையே என்று அழுதோம். இப்போது கடிதம் பத்து விநாடியில் வருகிறது. ஆனால் வந்தது எங்களுக்குத் தெரியவில்லை. இதை நான் மற்றவர்களைக் குறை சொல்லுவதற்காகச் சொல்லவில்லை. எனக்கே நடந்தது.

சில வருடங்களுக்கு முன் என்னுடைய வழக்கு விஷயமாகச் சட்டத்தரணியின் கந்தோரிலிருந்து ஒரு ஈமெயில் வந்திருக்கிறது. பிறப்பத்தாட்சிப் பத்திரத்தின் மொழிபெயர்ப்பும், ஊரில் இருக்கும் அக்காவின் சத்தியக் கடதாசியும் இன்ன திகதிக்கு முன் வேண்டும் என்று கேட்டிருந்தார்கள். நான் அதைக் காணவே இல்லை. கந்தோர் சும்மா இருக்கிறது, வழக்கும் சும்மா கிடக்கிறது என்று நினைத்துக்கொண்டிருந்தேன். ஒரு நாள் என் மகள், கடை ஒன்றின் தள்ளுபடிச் சீட்டைத் தேடி என் போனைத் தோண்டிக்கொண்டிருந்தவள், "அப்பா, இது என்ன?" என்று காட்டினாள். குப்பைப் பெட்டிக்குள், சப்பாத்து விளம்பரத்துக்கும் லொத்தர்ப் பரிசுக்கும் நடுவிலே, அந்தக் கடிதம். வந்து 26 நாட்கள். கேட்ட திகதிக்கு இன்னும் மூன்று நாள். அன்றிரவு முழுக்க நான் அக்காவோடு போனில். அவ விடிய எழும்பிச் சமாதான நீதவானைத் தேடி ஓடினா. ஒருமாதிரிச் சரிவந்தது.

பிறகுதான் அறிந்தேன், ஜீமெயிலில் குப்பைப் பெட்டிக்குள் போன கடிதம் 30 நாளில் தானாகவே அழிந்துவிடும். இன்னும் நாலு நாள் போயிருந்தால் அப்படியொரு கடிதம் வந்ததென்றே எனக்குத் தெரிந்திராது. ஆகவே இது பொழுதுபோக்கு விஷயம் அல்ல. எங்களைப்போல் திகதிக்கும் பத்திரத்துக்கும் கட்டுப்பட்டு வாழும் சனத்துக்கு இது வாழ்க்கைப் பிரச்சினை.

ஐபோன் செய்யும் அப்பிள் கம்பனியின் தலைமையகம் எங்களுக்குப் பக்கத்தில் குப்பர்ரினோவில்தான். ஜீமெயில் நடத்தும் கூகிள் மவுன்ரன் வியூவில். எங்கள் பிள்ளைகள் சிலரும் அந்தப் பக்கம்தான் வேலைக்குப் போய் வருகிறார்கள். 2007இல் முதலாவது ஐபோன் வந்த நாளிலிருந்தே அதற்குள் 'மெயில்' என்ற நீலக் கடித உறைப் படம் இருக்கிறது. அதை நாங்கள் திறக்கிறோம், வாசிக்கிறோம், மூடுகிறோம். அதற்குமேல் அது என்னென்ன செய்யும் என்று பார்ப்பதில்லை. இங்கே அதிகம்பேர் ஐபோனும் ஐபாட்டும் வைத்திருப்பதால் அதை வைத்தே சொல்கிறேன். மற்றப் போன் வைத்திருப்பவர்களுக்குக் கடைசியில் ஒரு வார்த்தை சொல்வேன்.

பெட்டி யாருடையது?

முதற் கேள்வி இது. உங்கள் ஈமெயில் முகவரியின் கடவுச்சொல் யாரிடம் இருக்கிறது? வந்த புதிதில் விண்ணப்பம் நிரப்பித் தந்தவர் அவசரத்துக்கு ஒரு முகவரியை உண்டாக்கி அதிலே போட்டிருப்பார். அது அவருடைய போனிலே கிடக்கும். அல்லது மருமகனுடைய முகவரியைக் குடுத்திருப்பீர்கள். மருமகன் வேலை மாறி டெக்சாசுக்குப் போய்விட்டார். உங்கள் கடிதங்களும் அவரோடு டெக்சாசுக்குப் போய்விட்டன!

இன்றைக்கு வீட்டுக்குப் போய்ச் செய்யவேண்டியது: எந்த விண்ணப்பத்தில் எந்த முகவரி குடுத்தோம் என்று ஒரு கொப்பியில் எழுதுங்கள். அது உங்கள் சொந்த முகவரியாக இல்லாவிட்டால் மாற்றிக்கொள்ளுங்கள். சொந்த முகவரியாக இருந்தால், கடவுச்சொல் மறந்தால் மீட்டெடுக்கும் தொலைபேசி இலக்கம் உங்களுடைய இப்போதைய இலக்கமா என்று பாருங்கள். பழைய இலக்கம் இப்போது வேறு யாரோ ஒருவரின் கையில் இருக்கலாம்.

இன்னொரு விஷயம். கூகிள் 2023இல் ஒரு விதி கொண்டுவந்தது. இரண்டு வருடம் ஒருவரும் திறந்து பார்க்காத சொந்தக் கணக்குகளை அழிக்கலாம் என்பதே அது. அந்த ஆண்டு டிசெம்பரிலிருந்து நடைமுறைக்கு வந்தது. வழக்குக்காக மாத்திரம் திறந்து, பிறகு திரும்பிப் பாராத முகவரி உங்களிடம் இருந்தால், அது கவனிப்பாரற்ற காணி மாதிரி. இடைக்கிடை போய் வேலியைப் பார்க்கவேண்டும்.

தபால் எத்தனை மணிக்கு வருகிறது?

"எனக்கு ஈமெயில் பிந்தித்தான் வருது" என்று கனபேர் சொல்கிறார்கள். காரணம் உண்டு. ஐபோனிலுள்ள மெயில் பெட்டிக்கு ஜீமெயில் கடிதம் தானாக ஓடி வருவதில்லை. போன் போய் எடுத்துவரவேண்டும். எப்போது போய் எடுக்கவேண்டும் என்பதை நாங்கள்தான் சொல்லவேண்டும். 'ஓட்டோமற்றிக்' என்று விட்டிருந்தால், போன் சார்ஜில் இருந்து வைஃபையும் இருக்கும்போதுதான் பின்னாலே போய் எடுத்துவரும். பகல் முழுக்க வெளியில் வேலையில் நிற்பவருக்கு இரவுதான் தபால்!

செற்றிங்ஸில் அப்ஸ், அதற்குள் மெயில், அதற்குள் மெயில் அக்கவுன்ஸ், அதற்குள் 'ஃபெச் நியூ டேற்றா' என்று இருக்கும். பழைய போனில் அப்ஸ் என்ற படி இல்லாமல் மெயில் நேரே வரும். அங்கே 15 நிமிடத்துக்கு ஒருக்கா என்று போட்டுவிடுங்கள். பற்றறிப் படம் மஞ்சளாக இருந்தால் போன் மிச்சம் பிடிக்கும் நிலையில் இருக்கிறது என்று அர்த்தம். அப்போதும் கடிதம் எடுக்கப் போகாது. முக்கியமான கடிதத்தை எதிர்பார்த்திருக்கும் கிழமையில் அந்த மஞ்சளை நிற்பாட்டி வையுங்கள்.

பிழையான புறாக்கூட்டில் போட்ட கடிதம்

கந்தோரில் கடிதம் பிரிக்க மரத்தாலே புறாக்கூடு மாதிரிப் பெட்டிகள் இருக்கும். புதிதாக வந்த பெடியன் ஒரு கடிதத்தைப் பிழையான கூட்டில் போட்டால், அது கிழமைக் கணக்கில் அங்கேயே கிடக்கும். அதனாலே பின்னேரம் கந்தோர் பூட்ட முன்னம் எல்லாக் கூட்டையும் ஒருக்கா தடவிப் பார்ப்பது வழக்கம். போனிலும் இப்போது ஒரு பெடியன் இருக்கிறான். கண்ணுக்குத் தெரியமாட்டான், நல்ல கெட்டிக்காரன், ஆனால் பிழையும் விடுவான்.

அவன் விடும் பெரிய பிழை குப்பைப் பெட்டி. ஆங்கிலத்தில் ஜங்க் அல்லது ஸ்பாம் என்று இருக்கும். கிழமைக்கு ஒரு நாள், வெள்ளிக்கிழமை விளக்கேற்றின கையோடு, அதைத் திறந்து பாருங்கள். நல்ல கடிதம் இருந்தால் இன்பொக்ஸுக்கு மாற்றுங்கள். ஒன்றிரண்டு தடவை மாற்றினால் பெடியனும் பழகிக்கொள்வான்.

இரண்டாவது பிழை புதியது. 2024 டிசெம்பரில் வந்த மாற்றத்தோடு ஐபோன் மெயில் கடிதங்களை நாலாகப் பிரிக்கத் தொடங்கியது. ஆட்களிடமிருந்து வருவது ஒன்று, காசு, பற்றுச்சீட்டு ஒன்று, அறிவித்தல்கள் ஒன்று, விளம்பரம் ஒன்று. திறந்ததும் முதலாவதுதான் கண்ணில் படும். பள்ளிக்கூடக் கடிதமோ வைத்தியசாலைக் கடிதமோ 'அப்டேற்ஸ்' என்ற மூன்றாவது கூட்டில் ஒளித்திருக்கும். மேலே உள்ள நாலு நிறப் பொத்தான்களையும் தொட்டுப் பாருங்கள். இது கரைச்சல் என்று நினைப்பவர்கள், மேலே வலப்பக்கம் உள்ள மூன்று புள்ளியைத் தொட்டு 'லிஸ்ற் வியூ' என்பதைத் தெரிவுசெய்தால் எல்லாம் பழையபடி ஒரே வரிசையில் வரும். நான் அப்படித்தான் வைத்திருக்கிறேன்.

பதிவுத் தபால்

சாதாரண கடிதத்தைத் தபாற்காரர் கேற்றுக்குள்ளே போட்டுவிட்டுப் போவார். பதிவுத் தபால் என்றால் மணி அடித்து, ஆளைக் கூப்பிட்டு, கையெழுத்து வாங்கித்தான் குடுப்பார். போனிலும் அந்த வசதி 2012இலிருந்து இருக்கிறது. அதற்குப் பெயர் வி.ஐ.பி. இருந்தும் நான் விசாரித்துப் பார்த்தமட்டில் எங்கள் சனத்தில் பத்துப் பேரில் ஒருவர்கூட அதைப் பாவிப்பதில்லை.

சட்டத்தரணி கந்தோரிலிருந்து வந்த கடிதம் ஒன்றைத் திறவுங்கள். மேலே அனுப்பினவர் பெயரைத் தொடுங்கள், திரும்பவும் ஒருமுறை தொடுங்கள். 'அட் ரு வி.ஐ.பி.' என்று வரும். அதைத் தொட்டால் அந்த ஆளின் பெயருக்கு ஒரு நட்சத்திரம் விழும். பிறகு மெயில் பெட்டிகளின் பட்டியலில் வி.ஐ.பி. என்பதற்குப் பக்கத்திலுள்ள சிறு வட்டத்தைத் தொட்டு, அவர்களுக்கென்று தனியான மணிச்சத்தம் வைக்கலாம். மற்ற எல்லாக் கடிதத்துக்கும் சத்தத்தை நிற்பாட்டிவிட்டு, இந்த ஐந்தாறு பேருக்கு மாத்திரம் வையுங்கள். என் போனில் கோயில் மணி மாதிரி ஒரு சத்தம் வைத்திருக்கிறேன். அது கேட்டால் கறி அடுப்பில் இருந்தாலும் இறக்கி வைத்துவிட்டுப் பார்ப்பேன்.

யார் யாரைச் சேர்க்கலாம்? சட்டத்தரணி, பிள்ளைகளின் பள்ளிக்கூடம், குடும்ப வைத்தியர், வீட்டுச் சொந்தக்காரர், ஊரிலே இருக்கும் உடன்பிறப்பு. அதிகம் சேர்த்தால் எல்லோரும் வி.ஐ.பி. ஆகி ஒருவரும் வி.ஐ.பி. இல்லை என்றாகிவிடும். எங்கள் கலியாண வீடுகளில் முன்வரிசைக் கதிரை மாதிரி!

ஆறப்போட்டு மறப்பது

வாசித்துவிட்டு "பிறகு பாப்பம்" என்று விடுவது எங்கள் எல்லோருக்கும் உள்ள பழக்கம். வாசித்த கடிதத்தில் நீலப் புள்ளி போய்விடும். போனால் அது கடலில் போட்ட கல்.

இதற்கு இரண்டு வழி. கடிதத்தை இடப்பக்கமாக மெல்லத் தள்ளினால் கொடி ஏற்றும் பொத்தான் வரும். பதில் எழுதவேண்டிய கடிதத்துக்குக் கொடி ஏற்றுங்கள். வேலை முடிந்தால் இறக்குங்கள். மற்றது, வலப்பக்கமாகத் தள்ளினால் 'றிமைன்ட் மீ' என்று வரும். நாளைக்கு, அல்லது இன்ன திகதி இன்ன நேரம் என்று சொன்னால், அந்த நேரத்தில் அதே கடிதம் புதுக் கடிதம் மாதிரி மேலே வந்து நிற்கும். இது 2022இல் வந்த வசதி. திகதி போட்ட எந்தக் கடிதத்துக்கும் ஒரு கிழமைக்கு முந்தியே ஒரு நினைவூட்டல் வையுங்கள்.

திகதி என்று ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்? வேலை அனுமதி அட்டையைப் புதுப்பிக்க விண்ணப்பித்துவிட்டால் பழைய அட்டை தானாக நீளும் என்றொரு சலுகை முந்தி இருந்தது. 2025 ஒக்ரோபர் 30இல் நடைமுறைக்கு வந்த விதி, அன்றிலிருந்து விண்ணப்பிப்பவர்களில் பெரும்பாலானோருக்கு அந்தச் சலுகையை எடுத்துவிட்டது. ஒரு கடிதம் ஒரு மாதம் பிந்தினால் ஒரு மாதச் சம்பளம் போகலாம். உங்கள் உங்கள் நிலைமையைச் சட்டத்தரணியிடம் கேளுங்கள். ஆனால் அவர் எழுதும் பதிலை வாசிக்கவேண்டியது நீங்கள்தான்.

அவசரப்பட்டு அனுப்பிவிட்டால் என்ன செய்வது? அதற்கும் வழி உண்டு. எனக்குத் தெரிந்த ஒரு அம்மா, மாப்பிள்ளை வீட்டாரைப் பற்றித் தங்கச்சிக்கு எழுதினதை, பெயர் ஒன்றாக இருந்ததால் மாப்பிள்ளையின் தாய்க்கே அனுப்பிவிட்டா. (சபையில் சிரிப்பு) அனுப்பின கையோடு திரையின் அடியிலே 'அன்டூ சென்ட்' என்று பத்து விநாடி நிற்கும். தொட்டால் கடிதம் திரும்பி வந்துவிடும். செற்றிங்ஸில் மெயிலுக்குள் போய் அந்தப் பத்தை 30 விநாடி ஆக்கலாம். ஆக்கி வையுங்கள். எங்களுக்கு யோசனை கொஞ்சம் பிந்தித்தான் வரும்.

பத்திரம் அனுப்புவது

பத்திரத்தைப் பிரதி எடுத்து அனுப்பக் கடைக்கு ஓடவேண்டியதில்லை. கடிதம் எழுதும்போது எழுத்துப் பலகைக்கு மேலே உள்ள சின்னங்களில் 'ஸ்கான் டொக்யுமென்ற்' என்று ஒன்று இருக்கும். பத்திரத்தை வெளிச்சமான மேசையில் வைத்துப் போனைப் பிடித்தால், ஓரம் வெட்டி, நேராக்கி, பல பக்கங்களையும் ஒரே கட்டாகச் சேர்த்துவிடும். சட்டத்தரணி அனுப்பிய படிவத்தில் கையெழுத்து வேண்டுமென்றால், அதைத் திறந்து பேனைப் படத்தைத் தொட்டு விரலாலேயே கையெழுத்து வைக்கலாம். அப்படிக் கையெழுத்து ஏற்றுக்கொள்ளப்படுமா, மையாலே இடவேண்டுமா என்பதை மாத்திரம் முதலில் கேட்டுக்கொள்ளுங்கள்.

பெயரை நம்பாதேயுங்கோ

இப்போது கள்ளக் கடிதங்களைப் பற்றி. குடிவரவுத் திணைக்களம் என்றும், வங்கி என்றும் பெயர் போட்டு எங்களைப் பேய்க்காட்ட வரும் கடிதங்கள் கனக்க. கடித உறையின் வெளியிலே யாரும் எந்தப் பெயரையும் எழுதலாம் அல்லவா? அதுபோலத்தான் இதுவும். பெயரைத் தொட்டால் உண்மையான முகவரி தெரியும். யூ.எஸ்.சி.ஐ.எஸ். திணைக்களத்தின் முகவரி 'டொட் ஜீ-ஓ-வீ' என்று முடியவேண்டும். நடுவிலே அது இருந்து, பிறகு 'டொட் கொம்' என்று முடிந்தால் அது கள்ளன். உள்ளே தொடச் சொல்லும் நீல எழுத்தைச் சட்டென்று தொடாமல், விரலை அழுத்திப் பிடித்திருந்தால் அது எங்கே கூட்டிக்கொண்டு போகிறது என்று காட்டும்.

முகவரி சரியாகத் தெரிந்தாலும் அதையும் போலியாகப் போடக்கூடியவர்கள் இருக்கிறார்கள். ஆகவே, கடிதத்தில் உள்ள வழியால் போகாமல், நீங்களே உங்கள் கணக்கைத் திறந்து அல்லது சட்டத்தரணிக்குக் கோல் எடுத்துச் சரிபாருங்கள். ஒரு விஷயத்தை மாத்திரம் பச்சை குத்தின மாதிரி மனதில் வையுங்கோ: கடையில் விற்கும் பரிசு அட்டையை வாங்கி இலக்கம் அனுப்பு என்று எந்த அரசாங்கக் கந்தோரும் கேட்காது. கேட்டால் அது கள்ளன். பயந்த சனத்தைத்தான் கள்ளன் தேடுகிறான். பயந்து பயந்து வந்த சனம் நாங்கள். அதனாலே இரட்டிப்புக் கவனம் வேண்டும். சந்தேகமான கடிதம் வந்தால் வெட்கப்படாமல் சங்கத்தில் யாரிடமாவது காட்டுங்கள். ஏமாந்த பிறகு ஒளிப்பதைவிட ஏமாற முன்னம் கேட்பது நல்லது.

தமிழிலே எழுதுங்கள்

கடைசியாக, எல்லாம் திகதியும் பயமும் என்று முடிக்க எனக்கு விருப்பமில்லை. 1990களில் ஈமெயிலில் தமிழ் எழுத நாங்கள் பட்ட பாடு சொல்லி முடியாது. அனுப்புபவரிடம் உள்ள எழுத்துரு வாங்குபவரிடமும் இருக்கவேண்டும். இல்லாவிட்டால் கேள்விக்குறியும் கோழிக்கிறுக்கலும்தான். அலுத்துப்போய் ஆங்கில எழுத்திலே "அம்மா சுகமா" என்று எழுதினோம். இன்றைக்கு அந்தக் கஷ்டம் இல்லை. ஐபோனில் 2013இலிருந்து தமிழ் எழுத்துப் பலகை உள்ளேயே இருக்கிறது. செற்றிங்ஸில் ஜெனரல், அதற்குள் கீபோர்ட் என்ற இடத்தில் தமிழைச் சேர்த்துக்கொள்ளலாம். தமிழ் 99 ஒன்று, அஞ்சல் ஒன்று. ஆங்கில ஒலியில் தட்டிப் பழகினவர்களுக்கு அஞ்சல் சுகம். எழுத்துச் சிறிதாகத் தெரிந்தால் 'டிஸ்பிளே' என்ற இடத்தில் எழுத்தின் அளவைப் பெரிதாக்குங்கள். மூக்குக்கண்ணாடியைத் தேடி நேரம் போகாது.

ஊருக்கும் எங்களுக்கும் இப்போது பன்னிரண்டரை மணித்தியால வித்தியாசம். குளிர்காலத்தில் பதின்மூன்றரை. சித்திரை 14ஆம் திகதி அங்கே நடுச்சாமம் பிறக்கும்போது இங்கே 13ஆம் திகதி முற்பகல் பதினொன்றரை. நாங்கள் வேலையில் நிற்போம். முதல்நாளே எழுதி, அனுப்பும் அம்புக்குறியை அழுத்திப் பிடித்தால், எப்போது அனுப்பவேண்டும் என்று கேட்கும். நேரத்தைக் குறித்துவிட்டுப் போனை அணைக்காமல், இன்ரநெற் தொடர்போடு வைத்திருங்கள். உங்கள் வாழ்த்து அவர்கள் கைவிசேடம் குடுக்கிற நேரத்தில் போய்ச் சேரும். ஊரிலிருந்து வரும் கடிதங்களுக்கென்று ஒரு தனிப் பெட்டியும் திறந்து வையுங்கள். நான் 'ஊர்க் கடிதம்' என்று பெயர் போட்டு வைத்திருக்கிறேன். சுவாமிப் படத்துக்குப் பின்னால் வைத்ததை விட்டுவிட்டு வந்தோம். இதையாவது பத்திரமாக வைத்திருப்போம்.

மற்றப் போன் வைத்திருப்பவர்களுக்குச் சொன்னேனே, ஒரு வார்த்தை: உங்கள் போனில் பெரும்பாலும் ஜீமெயில் பெட்டி இருக்கும். கொடிக்குப் பதில் நட்சத்திரம், நினைவூட்டலுக்குப் பதில் 'ஸ்னூஸ்'. விளம்பரக் கூடும் குப்பைப் பெட்டியும் அங்கேயும் உண்டு. அறிவித்தல் எல்லாக் கடிதத்துக்கும் வருகிறதா, சிலதுக்கு மாத்திரமா என்று செற்றிங்ஸில் ஒருக்கா பாருங்கள்.

இவ்வளவையும் ஒரே நாளில் செய்யவேண்டியதில்லை. வீட்டுக்குப் போனதும் மூன்று காரியம் போதும். குப்பைப் பெட்டியைத் திறந்து பாருங்கள். ஐந்து பேரை வி.ஐ.பி. ஆக்குங்கள். கடவுச்சொல் யாரிடம் என்று கேளுங்கள்.

பிள்ளைகளுக்கும் ஒரு சொல். அம்மாவோ அப்பாவோ போனை நீட்டினால், "தாங்கோ" என்று வாங்கி நீங்களே செய்து முடித்துத் திருப்பிக் குடுக்காதேயுங்கோ. போன் அவர்கள் கையிலேயே இருக்கட்டும். பக்கத்தில் இருந்து, "இதைத் தொடுங்கோ, இப்ப இதை" என்று சொல்லுங்கோ. பத்து நிமிடம் கூடப் போகும். ஆனால் காடு கடல் தாண்டி உங்களைக் கூட்டிவந்த ஆட்கள் இவர்கள். தங்கள் பெயருக்கு வந்த கடிதத்தைத் தாங்களே பிரிக்கும் உரிமை அவர்களுக்கு இருக்கவேண்டும். ஊரிலே கடிதத்தின் மேல் பெயரைப் பார்த்து, உரியவர் கையில் சேர்த்த பிறகுதான் எங்கள் வேலை முடிந்தது என்று அர்த்தம். இங்கேயும் அப்படியே இருக்கட்டும்.

பிறக்கும் ஆண்டு எல்லோருக்கும் நல்ல செய்தி கொண்டுவரும் ஆண்டாகட்டும். வரும் நல்ல செய்தி உங்கள் கண்ணிலும் படட்டும்.